அமேசானின் தெற்கில் மழைக்காலம் ஏன் பிந்தி வருகிறது?

கேள்வி இதுதான்: "அமேசான் காட்டில் மழைக்காலம் மாறிக்கொண்டே போகிறது என்று படிக்கிறேன். ஆனால் ஆண்டு மழையின் மொத்த அளவு பெரிதாகக் குறையவில்லை என்கிறார்கள். சில ஆண்டுகளில் பெருவெள்ளமும் வருகிறது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? இதற்குக் காடழிப்பு காரணமா, புவி வெப்பமடைதல் காரணமா?"

இரண்டும் உண்மைதான். ஆண்டு மொத்தம் என்ற ஒரே எண்ணை வைத்து மழையை அளப்பதால்தான் அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் ஊரில் சொன்னவர்கள் ஆண்டுக்கு எத்தனை அங்குலம் பெய்யும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. எந்த வாரத்தில் பெய்யத் தொடங்கும் என்பதை வைத்துத்தான் சொன்னார்கள். 2,000 மில்லிமீட்டர் மழை ஒன்பது மாதங்களில் பரவிப் பெய்தாலும் ஏழு மாதங்களில் கொட்டித் தீர்த்தாலும் பதிவேட்டில் ஒரே எண்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு மாத வேறுபாட்டைத் தாங்க முடியாமல்தான் ஒரு காடு காடாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஆகவே வறண்ட காலம் எத்தனை நாள் நீள்கிறது, மழைக்காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பனவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், அமேசானை ஒரே இடமாக எண்ணும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கொலம்பிய எல்லையை ஒட்டிய வடமேற்கில் வறண்ட காலம் என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. ஆண்டு முழுவதும் பெய்துகொண்டிருக்கிறது. நடுவில் உள்ள மனாஸ் நகரத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை தணிகிறது. தெற்கே பிரேசிலின் ரொண்டோனியா, ஆக்ரே மாநிலங்கள், மாட்டோ குரோசோ மாநிலத்தின் வடபகுதி, பாரா மாநிலத்தின் தென்பகுதி ஆகியவற்றில் மே மாத இறுதியில் தொடங்கும் வறட்சி செப்டம்பர் வரை நீள்கிறது. அதற்கும் தெற்கே செராடோ எனப்படும் புல்வெளியும் குட்டை மரங்களும் கலந்த நிலம் தொடங்கிவிடுகிறது. தென் அமேசான் காடு தன் வாழ்வெல்லையின் ஓரத்தில் நிற்கும் காடு. மழைக்காலம் மாறுவது மிகத் தெளிவாகத் தெரிவதும் அங்கேதான். இந்தப் பதிலின் பெரும்பகுதி அந்தத் தெற்கைப் பற்றியதே.

மழைக்காலம் "தொடங்கிவிட்டது" என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு பெருமழை பெய்துவிட்டு அதன்பின் மூன்று வாரம் வெயில் அடித்தால் அது தொடக்கம் ஆகாது. ஆய்வாளர்கள் ஆண்டை ஐந்தைந்து நாட்களாக 73 கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு முந்தைய எட்டுக் கட்டங்களில் ஆறிலாவது மழை ஆண்டுச் சராசரிக்குக் கீழே இருந்து, பிந்தைய எட்டில் ஆறிலாவது சராசரிக்கு மேலே போனால், அந்தக் கட்டமே மழைக்காலத்தின் தொடக்கம். இந்த வகையில் 1979 முதலான தரவுகளைக் கணக்கிட்டு, காலநிலை ஆய்வாளர் ரோங் ஃபூ தலைமையிலான குழு 2013இல் வெளியிட்ட முடிவு, தென் அமேசானில் வறண்ட காலம் பத்தாண்டுக்குச் சுமார் 6.5 நாள் என்ற வீதத்தில் நீண்டுவருகிறது என்பதாகும். அந்த நீட்சியின் பெரும்பங்கு வறண்ட காலத்தின் பின்முனையில், அதாவது மழை பிந்தித் தொடங்குவதில்தான் இருக்கிறது. ரொண்டோனியாவின் மழைமானிகளை மட்டும் எடுத்துப் பார்த்த மற்றொரு ஆய்வு, காடு பெருமளவு அழிக்கப்பட்ட இடங்களில் முப்பது ஆண்டுகளுக்குள் மழைத் தொடக்கம் சராசரியாக 11 நாளும், சில இடங்களில் 18 நாள் வரையும் பிந்திவிட்டதாகக் கண்டது. 11 நாள் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஏற்கெனவே நான்கு மாதம் மழையின்றி நிற்கும் ஒரு மரத்துக்கு அந்தப் பதினோரு நாள்தான் மிகக் கொடிய பதினோரு நாள்.

இந்த விஷயத்தின் உயிர்நாடி ஏன் பிந்துகிறது என்பதில் இருப்பதால் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

வெப்பமண்டலத்தில் மழைப் பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்கும் நகர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி தென் அமேசானுக்கு மழை டிசம்பர், ஜனவரி வாக்கில்தான் வந்து சேர வேண்டும். ஆனால் அங்கே அக்டோபரிலேயே மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று முழுவேகத்தில் வருவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே பெய்யும் அந்த மழைக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. காடே அந்த ஈரத்தைத் தருகிறது என்ற சந்தேகம் பழையது. பிரேசில் அறிவியலாளர் எனியாஸ் சலாத்தி 1970களின் இறுதியில் மழைநீரில் உள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்களை) அளந்து, அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் காட்டின் மேல் மழையாகப் பெய்து, மரங்களின் வழியே மீண்டும் ஆவியாகி, மேற்கே நகர்ந்து, மறுபடியும் மழையாகிறது என்பதைக் காட்டினார். அமேசானில் பெய்யும் மழையில் கால் பங்கு முதல் பாதி வரை இப்படிக் காடே திருப்பித் தரும் நீர்.

2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மேலும் கூர்மையான சான்றைத் தந்தது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான நீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு கிளம்புகின்றன. டியூட்டீரியம் என்ற எடைகூடிய ஹைட்ரஜன் கலந்த கனமான மூலக்கூறுகள் பின்தங்குகின்றன. மரமோ வேரால் உறிஞ்சிய நீரைச் சலிக்காமல் அப்படியே இலை வழியே வெளியே விடுகிறது. அதனால் கடலிலிருந்து வந்த நீராவியையும் மரத்திலிருந்து வந்த நீராவியையும் கனத்தை வைத்தே பிரித்தறிய முடியும். நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் இருந்த கருவி தென் அமேசானின் மேல் உள்ள காற்றை அளந்தபோது, வறண்ட காலத்தின் இறுதி வாரங்களில் அங்கே சேரும் நீராவி மரங்களின் நீராவி என்று தெரிந்தது. ஆகஸ்டு இறுதியில் வெயில் ஏறுகிறது, மரங்கள் புதுத்தளிர் விடுகின்றன, இலைகளின் மூச்சில் நீராவி பெருகுகிறது. முதலில் சிறு சிறு மேகங்கள் எழுந்து, பெய்யாமலேயே கரைந்து, நடுவானத்தை ஈரப்படுத்துகின்றன. ஈரம் போதுமான அளவு சேர்ந்தபின் அடுத்து எழும் மேகம் கரையாமல் உயர்ந்து இடிமழையாகிறது. மழை பெய்யும்போது வெளிப்படும் வெப்பம் மேல் காற்றைச் சூடாக்க, கீழே அழுத்தம் குறைந்து, கடல்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. தென் அமேசானின் மழைக்காலத்தை முதலில் காடு தொடங்கிவைக்கிறது; கடல் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் காடழிப்பின் விளைவைப் புரிந்துகொள்வது எளிது. ஆகஸ்டு மாதத்தில் ரொண்டோனியாவின் ஒரு மாட்டுப் பண்ணை வேலியோரம் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிராக்கியாரியா புல் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் எஞ்சியிருக்கும் காடு பச்சையாக நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே வெயில். மேலிருந்து மழை இல்லாததும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. பாரா மாநிலத்தின் பராகொமினாஸ் பகுதியில் ஆழமான குழிகள் தோண்டிப் பார்த்து டேனியல் நெப்ஸ்டாட் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், காட்டு மரங்களின் வேர்கள் 8 மீட்டருக்கும் கீழே போய், முந்தைய மழைக்காலத்தில் அங்கே சேர்ந்த நீரை வறண்ட காலத்தில் மேலே இழுப்பது தெரியவந்தது. புல்லின் வேர் அவ்வளவு ஆழம் போவதில்லை. மேல்மண் காய்ந்ததும் அது நீராவி விடுவதை நிறுத்திவிடுகிறது. நீரை ஆவியாக்குவதில் செலவாகியிருக்க வேண்டிய வெயிலின் ஆற்றல் முழுவதும் காற்றைச் சூடாக்குவதில் போகிறது. மழையைத் தொடங்கிவைக்க வேண்டிய அதே வாரங்களில், மழைக்கு வேண்டிய ஈரம் இல்லாத வறட்டுச் சூட்டையே அந்த நிலம் மேலே அனுப்புகிறது. அதோடு மேய்ச்சல் நிலத்தைச் சுத்தம் செய்ய ஆகஸ்டு, செப்டம்பரில் வைக்கும் தீயின் புகைத்துகள்கள் மேகத்துக்குள் புகுந்து, நீர்த்துளிகளைப் பெருகவிடாமல் எண்ணற்ற நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன. மேகம் இருந்தும் மழை விழாமல் தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. காட்டை வெட்டிய உடனே எங்கும் மழை குறைந்துவிடுவதில்லை. 1980களில் உலக வங்கியின் கடனுதவியோடு பிஆர்-364 நெடுஞ்சாலை தார்ச்சாலையாக்கப்பட்டபின், ரொண்டோனியாவில் சாலையிலிருந்து கிளைக்கும் மீன்முள் போன்ற வடிவில் காடு அழிக்கப்பட்டது. சில கிலோமீட்டர் அகலமுள்ள அந்தச் சிறு வெளிகளின் மேல், பக்கத்துக் காட்டின் ஈரமும் வெட்டவெளியின் சூடும் சந்தித்து, மேகம் சற்றுக் கூடுதலாகவே உருவானது. "வெட்டினோம், மழை குறையவில்லையே" என்று அன்று அங்கே ஒருவர் சொல்லியிருந்தால் அவர் பொய் சொன்னதாகாது. வெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தபின் நிலைமை மாறியது. காற்றைத் தடுக்க மரக்கூட்டம் இல்லாததால், காற்று வரும் கிழக்குப் பக்கம் வறண்டு, காற்று போய்ச் சேரும் மேற்குப் பக்கத்தில் மழை கூடியதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே மாநிலத்தின் சராசரியை எடுத்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். மொத்த மழை மாறவில்லை என்று சொல்லப்படுவதன் பின்னால் இப்படிப்பட்ட மறைப்புகள் பல இருக்கின்றன.

காடழிப்பா, புவி வெப்பமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். கடல்களின் பங்கு பெரியது. வட அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடானால் மழைப் பட்டை வடக்கே இழுக்கப்பட்டு அமேசானின் தெற்கும் மேற்கும் காய்கின்றன. 2005, 2010 வறட்சிகளில் நடந்தது இது. பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் வடக்கும் கிழக்கும் காய்கின்றன. 2015-16இல் கண்டது அது. 2023இல் இரண்டும் சேர்ந்துகொண்டன. தெற்கிலிருந்து அவ்வப்போது ஏறி வந்து முதல் மழையைக் கிளப்பிவிடும் குளிர்காற்று முனைகள் முன்போல வராததும் மழை பிந்துவதற்கு ஒரு காரணம் என்று ரோங் ஃபூ குழுவின் ஆய்வு காட்டியது. ஆனால் வறண்ட காலத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் காடழிப்பின் பங்கே மேலோங்கி நிற்கிறது. பிரேசில் அமேசானில் 1985 முதலான மாற்றங்களை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு ஒன்று, வறண்ட காலத்தில் மழை ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் குறைந்திருப்பதையும், அந்தக் குறைவில் சுமார் நான்கில் மூன்று பங்கு காடழிப்பால் நேர்ந்தது என்பதையும் கணித்தது. அதே காலத்தில் ஏறிய சுமார் 2 டிகிரி அதிகபட்ச வெப்பத்தில் காடழிப்பின் பங்கு ஆறில் ஒன்று மட்டுமே; மீதி உலகளாவிய வெப்பமடைதலின் கணக்கு. வறண்ட காலத்தின் மழையைக் காடழிப்பே பெரும்பாலும் பறிக்கிறது, அதன் சூட்டை உலகத்தின் கரிப்புகை ஏற்றுகிறது என்று கொள்ளலாம். மரத்தின் மேல் இரண்டு சுமையும் ஒரே வாரங்களில்தான் விழுகிறது.

அப்படியானால் வெள்ளம் எங்கிருந்து வருகிறது? இதற்கு மனாஸ் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். ரியோ நெக்ரோ ஆறு ஆண்டுக்குள் ஏறத்தாழப் பத்து மீட்டர் ஏறி இறங்குவதால் அங்கே படகுத்துறையையே மிதக்கும்படி கட்டியிருக்கிறார்கள். 1902 முதல் ஆற்றின் மட்டம் அங்கே அளக்கப்பட்டுவருகிறது. ஆண்டுதோறும் நீர் தொட்ட உச்சம் துறைமுகச் சுவரில் குறிக்கப்படுகிறது. இந்த நூற்றாண்டின் குறிகள் அந்தச் சுவரில் மேலே நெருங்கிக் கிடக்கின்றன: 2009இல் 29.77 மீட்டர், 2012இல் 29.97, 2021இல் 30.02. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை வந்த பெருவெள்ளம் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அட்லாண்டிக் சூடாகி, பசிபிக்கின் கிழக்குப் பகுதி குளிர்ந்திருந்த காலத்தில் இரு கடல்களுக்கும் இடையே வாக்கர் சுழற்சி எனப்படும் காற்றோட்டம் வலுத்து, நடு அமேசானிலும் வடக்கிலும் மழைக்காலத்தின் மழையைக் கூட்டியதே இதன் முதன்மைக் காரணம். அதே அளவுகோல்தான் 2023 அக்டோபரில் 12.70 மீட்டர் என்ற, அதுவரை பதிவாகாத தாழ்வையும் காட்டியது. 2024இல் நீர் அதற்கும் கீழே, சுமார் 12.1 மீட்டருக்கு இறங்கியது. நூறு ஆண்டுக்கும் மேலான பதிவில் மிக உயர்ந்த மட்டத்துக்கும் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே மூன்றே ஆண்டுகள். இவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போன்ற எண் கிடைக்கும். 2023இல் தெஃபே ஏரியின் நீர் 39 டிகிரிக்கு மேல் சூடேறி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து மிதந்தன. அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து ஆண்டுச் சராசரியைக் காட்டி யாராவது ஆறுதல் சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

வறண்ட காலம் நீள்வது காட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அமேசான் காடு மாதத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகிறது. அதனால் 100 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் மாதத்தை வறண்ட மாதம் என்கிறோம். அந்த மாதத்தில் மரம் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. சேமிப்பு தீர்ந்தபின்னும் மழை வராவிட்டால் முதலில் உயர்ந்த பெருமரங்கள் சாய்கின்றன. மரமுடிகள் சேர்ந்த விதானத்தில் ஓட்டை விழுந்து வெயில் தரைக்கு இறங்குகிறது, சருகு காய்கிறது, பக்கத்துப் பண்ணையில் வைத்த தீ உள்ளே நுழைகிறது. தீயைக் கண்டிராத மரங்களின் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீயே அவற்றைக் கொன்றுவிடப் போதும். அறிவியலாளர்கள் தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் காட்டின் 20 முதல் 25 விழுக்காடு அழிந்தால் தெற்கும் கிழக்கும் மீள முடியாமல் புல்வெளியாகும் என்று 2018இல் எச்சரித்தார்கள். இதுவரை அழிந்தது ஏறத்தாழ 17 விழுக்காடு. அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு காட்டின் நிலையை அறிய, அழிந்த பரப்பின் விழுக்காட்டைவிட அந்த இடத்தின் வறண்ட காலம் எத்தனை நாள் என்பதே நம்பகமான அளவு என்பது என் கருத்து. தென்கிழக்குப் பகுதியில் காடு உறிஞ்சுவதைவிட அதிகமாகக் கரியமில வாயுவை வெளிவிடத் தொடங்கிவிட்டது என்று, விமானத்தில் பறந்து காற்று மாதிரி எடுத்து ஆராய்ந்த லூசியானா கட்டி 2021இல் காட்டியது அந்த அளவோடு ஒத்துப்போகிறது.

காட்டை வெட்டியவர்களுக்கும் இதில் இழப்புதான். மாட்டோ குரோசோவில் செப்டம்பர், அக்டோபரில் முதல் மழையோடு சோயா விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் அறுத்த கையோடு அதே நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறார்கள். இரண்டு போகமும் ஒரே மழைக்காலத்துக்குள் அடங்க வேண்டும். மழை இரண்டு வாரம் பிந்தினால் சோயா பிந்துகிறது, மக்காச்சோளம் மேலும் பிந்துகிறது, கதிரில் மணி பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிடுகிறது.

அமேசானுக்கு வெளியே இதே போக்கு காங்கோ படுகையிலும் பதிவாகியிருக்கிறது. 1988க்கும் 2013க்கும் இடையே அங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான வறண்ட காலம் பத்தாண்டுக்கு 6.4 முதல் 10.4 நாள் வரை நீண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மழைமானிகள் மிகக் குறைவான நிலப்பரப்பு என்பதால் அங்கே பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பித்தான் பேச வேண்டியிருக்கிறது. நமக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் நீராவி தமிழ்நாட்டில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்குக் கணிசமான ஈரத்தைத் தருவதையும், பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்தப் பங்கு 40 விழுக்காடு வரை எட்டுவதையும் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் ஈரம் வங்கக் கடலிலிருந்து வருவது. ஆனால் ஆடியில் மானாவாரி விதைப்பவருக்கு ஆனைமலையின் மரம் அவ்வளவு தொலைவில் இல்லை.

வெட்டுவதை நிறுத்தினால் மழை தன் பழைய தேதிக்குத் திரும்புமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். கடல் சூடானதால் வந்த பங்கு பிரேசில் தனியாக எதைச் செய்தாலும் திரும்பாது. நிலத்தால் வந்த பங்கு திரும்பக்கூடியது. அதைத் தடுத்து நிறுத்தவும் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரேசில் அமேசானில் 2004இல் சுமார் 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு, செயற்கைக்கோள் கண்காணிப்பும் காப்புக்காடுகளும் காட்டை அழிப்போருக்கு வங்கிக் கடன் கட்டுப்பாடும் சேர்ந்து 2012இல் சுமார் 4,600 ஆகக் குறைந்தது. மீண்டும் ஏறி 2021இல் 13,000ஐத் தாண்டியது, 2024இல் 6,300க்குள் இறங்கியது. கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் தானாக முளைத்தெழும் இளங்காட்டைப் பிரேசிலில் கப்போயிரா என்பார்கள். பராகொமினாஸில் அந்த ஆழக் குழிகளைத் தோண்டிய அதே பகுதியில், சுமார் பதினைந்து ஆண்டு வயதான கப்போயிராவின் கீழும் மண்ணின் ஈரத்தை அளந்தார்கள். உயரத்திலும் உயிர்வகைகளிலும் அது பழைய காட்டுக்கு எவ்வளவோ குறைவுதான். ஆனால் வறண்ட காலத்தில் ஆழ்மண்ணிலிருந்து அது இழுத்து மேலே அனுப்பிய நீர், பக்கத்தில் நின்ற முதிர்ந்த காட்டின் அளவை ஏறத்தாழ எட்டியிருந்தது.